ஜான் மோஸஸ் பிரௌனிங்

கலாசாலைச் சஞ்சிகையில் புலவர், ஞானியர், தேசத்தொண்டர் ஆகியோரின் சரித்திரங்கள் இடம்பெறுதல் வழக்கம். துப்பாக்கி சமைத்த ஒருவருடைய வாழ்க்கையை எழுதப் புகுதல் நண்பர் சிலருக்கு வியப்பையும், சிலருக்கு வெறுப்பையுங்கூட விளைவிக்கலாம். ஆயினும், ஒருவர் அறிவிற் பிறந்த பொருள் அவரையும், அதனை விலைக்கு வாங்கினோரையும் கடந்து தன்போக்கில் எவ்வாறு நடக்கின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு ஜான் மோஸஸ் பிரௌனிங்கின் வரலாற்றைப் போன்றது மற்றொன்று எளிதிற் கிட்டாது.

இவர் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள யூட்டா பிரதேசத்தில், ஆக்டன் என்னும் ஊரில், 1855-ம் வருஷம் ஜனவரி மாதம் 23-ந் தேதி பிறந்தார். தந்தையார் ஜோனத்தன் பிரௌனிங் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் சபையைச் சேர்ந்தவர். அச்சபையாரைத் தொடர்ந்து மேற்கே பிரயாணம் செய்து, 1852-ல் யூட்டாவை அடைந்தவர். மனைவியர் மூவரும் மக்கள் இருபத்திருவரும் உடைய அப்பெருங் குடும்பத்தில் நம் ஜானுக்குப் பள்ளிப்படிப்பு வாய்த்தது சிறிதே. பட்டறையே அவருக்குப் பள்ளியாயிற்று. பிற்காலத்திலும் அவர் பெரும்பாலும் வரைபடங்களை நம்பியவரல்லர். மனத்திற் கண்டதை நேரே இரும்பில் அறுத்து அராவிப் பார்ப்பதே அவர் வழக்கம்.

தந்தையார் 1879-ல் காலமானார். அவ்வருஷமே அக்டோபர் மாதம் 7-ந் தேதி, ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி ஒன்றுக்காக ஜான் தமது முதல் பேட்டெண்டு உரிமையைப் பெற்றார். உடன்பிறந்தார் பலர் கூடி ஆக்டனிலேயே ஒரு சிறு தொழிற்சாலை நடத்தினர். அங்குச் செய்த துப்பாக்கி ஒன்று 1883-ல் கிழக்கே நியூஹேவன் நகரத்து வின்செஸ்டர் கம்பெனியார் கண்ணிற் பட்டது. அக்கம்பெனியின் மானேஜர் தாமஸ் பென்னெட் கண்டத்தை ரெயிலில் கடந்து ஆக்டனுக்கே வந்து, அதன் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிச் சென்றார். அன்று தொடங்கிய உறவு ஏறத்தாழ 19 வருஷம் நீடித்தது.

வின்செஸ்டர் கம்பெனி புகழெய்தியது நெம்புகோல் துப்பாக்கியால். கைப்பிடியின் கீழ் வளையமாக அமைந்த நெம்புகோலை முன்னே தள்ளினால், வெடித்த தோட்டாவின் வெற்றுறை வெளியே விழும்; குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து புதிய தோட்டா மேலேறும். நெம்புகோலைப் பின்னே இழுத்தால் தோட்டா உள்ளே புகும், பூட்டு மூடிக்கொள்ளும். தோளினின்றும் துப்பாக்கியை எடாமலே மீண்டும் சுடலாம். ஆனால் 1873-ம் வருஷத்து மாதிரியில் பூட்டைத் தாங்கியவை முழங்கால்போல மடங்கும் இரண்டு இணைப்புகளே. சிறு தோட்டாவுக்கு அவை போதும். பெரிய தோட்டாவின் வேகத்தை அவை தாங்கா. பிரௌனிங் அம்முறையை அடியோடு நீக்கி, நெம்புகோல் மூடும்போது செங்குத்தாக மேலேறிப் பூட்டின் இருமருங்கும் கவ்விக்கொள்ளும் இரண்டு எஃகுத் தாழ்களை அமைத்தார். அதுவே 1886-ம் வருஷ மாதிரி. பட்டாளத்தார் வழங்கிய 45-70 தோட்டாவையும் அது எளிதில் தாங்கிற்று.

அதே அமைப்பைச் சிறிதாக்கி 1892-ம் வருஷ மாதிரியைச் செய்தார். இதனை மூன்று மாதத்தில் முடிக்குமாறு பென்னெட் வேண்ட, முப்பது நாளில் தருவதாகவும், தவறினால் இனாமாகவே கொடுப்பதாகவும் பிரௌனிங் வாக்களித்துச் சொன்னபடி முடித்தாரென்று பெருவழக்காகக் கூறுவர். பின்னர் வந்த 1894-ம் வருஷ மாதிரி, புகையிலா மருந்தேற்றிய 30-30 தோட்டாவுடன் வேட்டைக்காரர் கையில் நீங்காது நின்று, 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தோட்டாக்களில் கூர்முனைக் குண்டு இருப்பின், அது முன்னதன் எரிகுப்பியை இடித்து வெடிப்பிக்கக் கூடும். ஆதலின் 1895-ம் வருஷ மாதிரியில் குழாயை நீக்கிப் பெட்டி வைத்தார். தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனது இவ்வகையே. முதல் உலக யுத்தத்தில் ருஷ்ய ஸர்க்கார் மூன்று லட்சத்துக்குச் சிறிது குறைய வாங்கி, ஈட்டி முனை பொருத்திப் போருக்கு அனுப்பியதும் இதுவே.

இவ்வாறு நெம்புகோலைச் செம்மைசெய்த கையே அதனை வேண்டாததாக்கவும் முற்பட்டது. 1889-ல் ஒருநாள், துப்பாக்கி சுடுமிடத்தில், வெடிக்குந்தோறும் குழல்வாயினின்று எழுந்த காற்றால் அருகிருந்த கோரைகள் சாய்வதைப் பிரௌனிங் கண்டார். வீணாய்ப் போகும் அவ்வேகத்தை வேலைக்கு ஏவலாகாதா என்ற எண்ணம் பிறந்தது. பழைய 1873-ம் வருஷ நெம்புகோல் துப்பாக்கி ஒன்றை எடுத்து, அதன் வாயில் துளையிட்ட தகடொன்றைத் தொங்கவிட்டு, தகட்டை நெம்புகோலோடு பிணைத்தார். வெடிவாயு தகட்டைத் தள்ள, நெம்புகோல் தானே இயங்கிற்று. மனிதன் கை வேண்டியதில்லை. கோல்ட் கம்பெனியார் 1895-ல் வெளியிட்ட இயந்திரத் துப்பாக்கி இந்த விதையில் முளைத்தது.

வின்செஸ்டர் கம்பெனியார் அவருடைய புனைவுகளை ஒரே தொகைக்கு வாங்கிவிடுவர். விற்பனைக்கேற்ற பங்கு கொடார். வாங்கியவற்றுட் பலவற்றைச் செய்யாமலே அலமாரியில் வைத்ததும் உண்டு. பிறர் கைக்குப் போகாதிருத்தலே அவர்கள் கருத்து. தாமே குண்டு மாற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் செய்தபோது பிரௌனிங் பங்கு கேட்டார், பென்னெட் மறுத்தார். 1902-ல் உறவு முறிந்தது. அறிஞன் உழைப்பைப் பூட்டிவைக்கும் வாணிகத்தினின்று அவர் விலகியது தகுதியே என்பது எம் கருத்து. அவர் ரெமிங்டன் கம்பெனித் தலைவரைக் காணச் சென்று காத்திருந்த வேளையில் அத்தலைவர் மாரடைப்பால் இறந்தார். பிரௌனிங் கப்பலேறிப் பெல்ஜியம் சென்று, லீயேஜ் நகரையடுத்த தொழிற்சாலையில் தம் வேலையைத் தொடர்ந்தார்.

அங்குச் செய்யப்பட்ட அவருடைய 1910-ம் வருஷ மாதிரிக் கைத்துப்பாக்கியொன்றே 1914-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி ஸராயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியாரையும் கொன்றது. அதனையடுத்து மூண்ட யுத்தத்தில் அமெரிக்கப் படைகள் ஏந்தியவற்றிற் பலவும் அவர் வகுத்தவையே. மொத்தம் 128 பேட்டெண்டு உரிமைகள் அவர் பெயரில் பதிவாயின. 1926-ம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி, பெல்ஜியத் தொழிற்சாலையில் வேலையிலிருந்தபோதே இருதயம் ஓய்ந்து உயிர் துறந்தார். வயது 71.

நெம்புகோலோ அவருடன் மறையவில்லை. நியூஹேவன் தொழிற்சாலை 2006-ல் மூடப்பட்டது. அவருடைய மாதிரிகள் ஜப்பானில் செய்யப்படலாயின. அண்மை வருஷங்களில் அவை புதிய போர்க்கோலமும் பூண்டுள்ளன. வாதுமைக் கட்டைக்கு மாற்றாகக் கறுத்த செயற்கைப் பிடி. குழல்வாயில் ஓசையடக்கி பூட்டுவதற்கு மறை. தொலைநோக்கியோ செம்புள்ளிக் குறிகாட்டியோ ஏற்றுவதற்குப் பற்கள் வெட்டிய தண்டவாளம். விளக்கு மாட்டத் துளை நிரைத்த அலுமினியக் கையுறை. தாமே தோட்டா மாற்றும் துப்பாக்கிகளுக்கு அமெரிக்க மாகாணங்கள் சிலவற்றில் விதித்துள்ள தடைகள், கையால் இயக்கும் நெம்புகோலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. புதுக்கோலத்துக்கு அதுவும் ஒரு காரணம். கோலத்தில் ஒரு பகுதி வெறும் பகட்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

பிரேஸில் தேசத்து ரோஸி கம்பெனியார் கரிய கோலத்தில் விற்கும் துப்பாக்கியைத் திறந்து பார்ப்பின், 1892-ல் அவர் அமைத்த அவ்விரண்டு தாழ்களே மேலேறுகின்றன. புதியோர்க்கு இடர் தருவது ஒன்றுண்டு. பிரௌனிங் தம் துப்பாக்கிகளில் வெற்றுறை நேரே மேலெழுந்து விழுமாறு வைத்தார். தொலைநோக்கி ஏற்றுவதை அந்நாளில் அவர் கருதவில்லை. போட்டியாளரான மார்லின் கம்பெனியார் 1889-லேயே மேற்புறத்தை மூடி, பக்கவாட்டில் வழி விட்டிருந்தனர். வின்செஸ்டர் கம்பெனியார் 1980-களின் தொடக்கத்திலேதான் 1894-ம் வருஷ மாதிரியைச் சற்றே திருத்தி, வெற்றுறை சாய்ந்து விழச் செய்தனர். 1892-ம் வருஷ மாதிரியிலோ அது இன்றும் மேலேயே எழுகின்றது. ஆதலின் தண்டவாளத்தைப் பூட்டின்மேல் வையாது, குழலின்மேல் முன்தள்ளி வைக்கின்றனர்.