மேரியன் கிரிபின் அம்மையார்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பது நம் முதுமொழி. தனித்தனியே செய்யினும் அரியவான இவ்விரண்டையும் ஒரே வாழ்நாட் பணியாக மேற்கொண்ட அம்மையார் ஒருவர் இருந்தனர். கணவரோடு கூடிக் கட்டிடக் கலைத் தொழில் நடத்தி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலும் உழைத்த மேரியன் மஹோனி கிரிபின் என்பாரே அவர். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அம்மையார் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் சிகாகோ நகரிற் பிறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அந்நகரைப் பெருந்தீ அழித்தது. குடும்பத்தார் வின்னெட்கா என்னும் சிற்றூருக்குக் குடியேறினர். மரங்களுக்கிடையே வளர்ந்த அக்குழந்தைக்கு, வீடு நிலத்தோடு இயைந்து நிற்கவேண்டும் என்னும் எண்ணம் அங்கேயே வேரூன்றிற்று எனக் கருதுகின்றோம்.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையிற் பயின்று 1894-ல் கட்டிடக் கலைப் பட்டம் பெற்றார். ஆங்கு அப்பட்டம் பெற்ற பெண்டிருள் இவர் இரண்டாமவர். இல்லினாய் மாகாணத்தில் அத்தொழிலுக்கு உரிமம் பெற்ற முதற் பெண்மணியும் இவரே. 1895-ல் பிராங்க் லாயிட் ரைட் என்னும் பேர்பெற்ற கலைஞரிடம் பணியேற்றார். 1910-ல் பெர்லினில் வெளிவந்த படத்தொகுதி ஒன்று ரைட்டின் புகழை ஐரோப்பாவிற் பரப்பிற்று. அதிலுள்ள படங்களில் ஏறக்குறையப் பாதி அம்மையாரின் கைவண்ணமே என்பர் ஆராய்ச்சியாளர். ஆயினும் நூலின்மேல் நின்ற பெயர் ரைட்டின் பெயரே.

அவ்வலுவலகத்தில் உடன் உழைத்த வால்டர் பர்லி கிரிபின் என்பவரை 1911-ல் மணந்தார். அவ்வாண்டே ஆஸ்திரேலியத் தலைநகரை வகுப்பதற்கான போட்டி அறிவிக்கப்பட்டது. வந்த திட்டங்கள் 137. நகரின் அமைப்பை வகுத்தவர் வால்டர். மலையும் நீரும் வீதியும் காண்போர் கண்முன் நிற்குமாறு அகன்ற துணிகளில் வண்ணந் தீட்டியவர் அம்மையார். 1912 மே மாதம் முதற்பரிசு வந்தது. வந்தது கணவர் பெயருக்கே. இவ்வாறு பிறந்ததே கான்பெரா மாநகர்.

1914-ல் இருவரும் ஆஸ்திரேலியா சென்றனர். அதிகாரிகளின் எதிர்ப்பினால் தலைநகர்ப் பணி தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்து, 1920-ல் வால்டரின் பதவியும் முடிந்தது. இதற்கிடையே எளியோரும் வீடு கட்டிக்கொள்ளும் வழியொன்றைக் கண்டனர். 1917-ல் வால்டர் உரிமை பதிந்த அம்முறைக்கு நிட்லாக் என்று பெயர். பின்னிப் பூட்டுவது என்பது பொருள். பனியன் துணியிற் கண்ணியொடு கண்ணி கோத்துக் கொள்வதைத் திருப்பூரார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அவ்வாறே காங்கிரீட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று கவ்விச் சுவராய் நிற்கும். மனையிலேயே சிறு பொறி கொண்டு அவற்றை வார்த்தெடுக்கலாம். மெல்போர்ன் அருகே தமக்கெனக் கட்டிய வீட்டையும் இம்முறையிலேயே அமைத்தனர். பெரிய அறை ஒன்றே அவ்வீடு. உறங்கவும் சமைக்கவும் உரிய இடங்கள் அதன் ஓரங்களில் ஒதுங்கி நின்றன. தாம் ஊரார்க்குச் சொன்ன சிக்கனத்தைத் தம் வீட்டிலேயே செய்து காட்டினர்.

பின்னர்ச் சிட்னித் துறைமுகத்தருகே ஏறக்குறைய 650 ஏக்கர் நிலம் சங்கமொன்றின் மூலம் வாங்கப்பெற்றது. அங்குக் காசில்கிராக் என்னும் குடியிருப்பை இருவரும் உருவாக்கினர். பாறையும் மரமும் காக்கப்பட்டன. உள்ளூர்க் கல்லினாலான தாழ்ந்த வீடுகளுக்குத் தட்டையான கூரையே இட்டனர். ஒருவர் வீடு மற்றொருவர் காட்சியை மறைத்தல் கூடாது என்பது கருத்து. பள்ளத்தாக்கில் திறந்தவெளி அரங்கு அமைத்து அம்மையார் நாடகங்கள் நடத்தினார். மனைகள் விரைவில் விற்கவில்லை, பொருள் முட்டிற்று. எனினும் கொள்கையைக் கைவிட்டாரில்லை.

1935-ல் லக்னோ சர்வகலாசாலை நூல்நிலையத்தை வகுக்குமாறு வால்டருக்கு அழைப்பு வந்தது. மறுவருடம் அம்மையாரும் வந்து சேர்ந்தார். வேலைகள் குவிந்தன. ஆனால் 1937 பிப்ரவரி 11-ஆம் நாள், அறுவைச் சிகிச்சைக்குப்பின் சில நாட்களில், வால்டர் லக்னோவிலேயே காலமானார். மூன்றாம் நாள் அம்மையார்க்கு 66 வயது நிரம்பிற்று. அயல்நாட்டில் தனித்து நின்று எஞ்சிய வேலைகளைக் கவனித்துப் பின் ஆஸ்திரேலியா சென்று, முடிவிற் சிகாகோவை அடைந்தார். ஆங்கு ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதன் முதற்பகுதியே இந்தியாவைப் பற்றியது. அஃது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1961 ஆகஸ்ட் 10-ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் பெயர் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 2013-ல் கான்பெரா நகரை நோக்கும் ஏன்ஸ்லி மலையுச்சிக் காட்சியிடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. துணியில் அவர் தீட்டிக் காட்டிய நகரை இன்று அங்கு நின்று காணலாம்.

நம் நாட்டு நெசவாளர் மனைகளிற் கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றுவதைக் காண்கின்றோம். ஆடை விலைபோகுங்கால் அவள் பெயரைக் கேட்பார் எவருமிலர். இருவர் கையும் கூடாது ஆடை இல்லை; வீடும் இல்லை. கல்வி கற்ற நாம், எப்பணியைப் புகழுங்காலும் அதில் எத்தனை கைகள் உழைத்தன என்று வினவி, அவரவர்க்கு உரியதை அளித்தல் வேண்டும். இவ்வம்மையாரின் சரிதம் நமக்கு உணர்த்துவது இதுவே.