டை அணியாத தத்துவஞானி

செப்டம்பர் 5 வந்துவிட்டால் தமிழகத்து மழலையர் பள்ளிகளில் குட்டி ராதாகிருஷ்ணன்கள் தோன்றிவிடுவார்கள். தலையில் வெள்ளைத் துணியில் சுற்றிய பாகை, மூக்கின் மேல் கண்ணாடிச் சட்டம், முழங்கால் வரை தொங்கும் கோட்டு. மறுநாள் அதே குழந்தைகள், எலாஸ்டிக் நாடாவில் தொங்கும் டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பள்ளிக்குச் செல்வார்கள். இந்த முரணை நாம் கவனிப்பதே இல்லை.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணியில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் நெல்லூர்ப் பகுதியிலுள்ள சர்வபள்ளி, தாய்மொழி தெலுங்கு. தந்தை வீராசாமி வருவாய்ப் பணியில் சிறிய ஊதியம் பெற்றவர். முருகனின் படைவீடுகளுள் ஒன்றான அந்த மலையூர் அன்று சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அதனுடன் சென்ற திருத்தணி, நெடிய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-இல் மீண்டும் தமிழகத்துடன் இணைந்தது.

வறுமை இருந்தாலும் உதவித்தொகை அவரைப் படிக்க வைத்தது. திருத்தணியில் தொடக்கக் கல்வி, திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. தத்துவத்தை அவர் பாடமாக எடுத்ததற்குக்கூட உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவ நூல்களைத் தந்துதவியதே காரணம். இந்து சமயம் குறித்துக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் எழுப்பிய விமர்சனங்கள் அவரைச் சினத்துக்குள் தள்ளவில்லை. வேதாந்தத்தை ஆழ்ந்து கற்கவைத்தன. முதுகலைப் பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி குறித்து அவர் எழுதிய ஆய்வேட்டை அவருடைய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் மனமாரப் பாராட்டினார்.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியேற்றார். தலைப்பாகை, கழுத்து வரை பொத்தானிட்ட நீள்கோட்டு, வேட்டி என்பது அன்றைய சென்னையில் வழக்கறிஞர், ஆசிரியர், குமாஸ்தா ஆகியோரின் அன்றாட உடை. அதில் புரட்சியும் இல்லை, புதுமையும் இல்லை. ஆனால், கடல் கடக்கும்போது அந்த உடை சோதனைக்கு உள்ளானது. 1914-இல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்ட கணிதமேதை ராமானுஜன் குடுமியைக் களைந்து, காலரும் டையும் காலணியும் பழக வேண்டியிருந்தது. சர் சி.வி. ராமன் தலைப்பாகையையும் விடாமல், மேலைநாட்டுக் கோட்டையும் டையையும் சேர்த்து அணிந்தார். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு என்று காட்டியவர் ராதாகிருஷ்ணன்.

1918-இல் மைசூரு மகாராஜா கல்லூரி, 1921-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் என அவருடைய பணியிடம் மாறியது. மைசூரிலிருந்து அவர் விடைபெற்றபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மலர் அலங்கார வண்டியை மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். ஓர் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய அலங்காரம் என்ன இருக்க முடியும்?

1926-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மான்செஸ்டர் கல்லூரியில் இந்து வாழ்க்கை நோக்கு குறித்துச் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டு ஹார்வர்டில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டிலும் பேசினார். 1931-இல் ஆங்கில அரசு சர் பட்டம் அளித்தது. 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டின் கீழைச் சமயங்கள், அறநெறி ஆகியவற்றுக்கான ஸ்பால்டிங் பேராசிரியரானார். டையின் வண்ணத்தைக் கொண்டே எந்தக் கல்லூரி, எந்தக் குழாம் என்று ஒருவரை அடையாளம் காணும் ஊர் அது. கழுத்து மூடிய கோட்டில் டைக்கு இடமில்லை. சட்டையின் கைமடிப்பைப் பூட்டும் கஃப்லிங்க்குக்கும் வேலையில்லை. அந்த அணிகலன்கள் இல்லாததால் அவருடைய சொற்பொழிவின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

இதை மேலைநாட்டு வெறுப்பாகக் கொள்வது பிழை. பிளேட்டோவையும் காண்ட்டையும் கரைத்துக் குடித்தவர் அவர், ஆங்கிலத்திலேயே எழுதினார். அறிவுக்கு எல்லை வகுக்காதவர், தோற்றத்துக்காகப் பிறர் அங்கீகாரத்தை நாடவில்லை என்பதே உண்மை. அது துறவியின் எளிமையும் அன்று. புகைப்படங்களைப் பார்த்தால், மடிப்புக் கலையாத பாகையிலும் அளவெடுத்துத் தைத்த கோட்டிலும் அக்கறையான நேர்த்தி தெரியும்.

விடுதலைக்குப் பின் 1949-இல் மாஸ்கோவுக்கு இந்தியத் தூதரானார். தூதர்களை அரிதாகவே சந்தித்த ஸ்டாலின், இந்தத் தலைப்பாகைத் தத்துவப் பேராசிரியரை இருமுறை சந்தித்தார். 1952-இல் குடியரசுத் துணைத் தலைவர். 1954-இல் பாரத ரத்னா. 1962-இல் குடியரசுத் தலைவர். பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம், அதை ஆசிரியர் நாளாகக் கடைப்பிடிக்கச் சொன்னார். 1963-இல் அமெரிக்க வெள்ளை மாளிகைக்குச் சென்றபோதும் கென்னடியின் அருகே அதே பாகை, அதே நீள்கோட்டு. 1967-இல் ஓய்வுபெற்று மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பியவர், 1975 ஏப்ரல் 17-இல் சென்னையில் மறைந்தார்.

அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2014-இல், வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னை நகரத்து மன்றம் ஒன்று உள்ளே அனுமதிக்க மறுத்தது. வேட்டி கட்டியவரைத் தடுக்கக்கூடாது என்று தமிழகச் சட்டப்பேரவை சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு கேட்காத கேள்வியை நம்மவர்களே நம்மவரிடம் கேட்டார்கள்.

சட்டம் வாயிற்கதவைத் திறக்கும், மனத்தைத் திறக்காது. டை கட்டிய பள்ளியே தரமான பள்ளி என்று நம்பும் பெற்றோரும், அந்த நம்பிக்கையை விற்பனை செய்யும் கல்வி நிறுவனங்களும் இன்றும் இருக்கத்தான் செய்கிறார்கள். டை அணிவது குற்றமன்று, விரும்புவோர் அணியட்டும். ஆனால், கோடை வெயிலில் மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தில் அதைத் தகுதிச் சான்றாகக் கட்டுவது, குழந்தைக்கு நாம் கற்றுத்தரும் முதல் தவறான பாடம். ஆண்டுக்கு ஒருநாள் அவருடைய தலைப்பாகையைக் குழந்தைகளுக்குச் சூட்டும் நாம், அந்தத் தலைப்பாகைக்குள் இருந்த தன்மதிப்பை மற்ற நாள்களில் அவர்களுக்கு ஊட்டினால், திருத்தணி தந்த ஆசிரியருக்கு அதுவே தக்க மரியாதை.