வாய்ப்புண்ணுக்கு ஒளிச் சிகிச்சை: வழிகாட்டிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர்

உடையார்பாளையத்திலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ சென்று வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறும் பலருக்கு, இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகிவிடுகிறது. கஞ்சி குடிக்கவும் இயலாத அந்நாட்களில் சிலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்தினால் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்புக் குறைகிறது. இப்புண்ணின் கடுமையைக் குறைக்கும் ஒளிச் சிகிச்சை ஒன்று உண்டு. அதற்கு அடித்தளமிட்டவர் ஹங்கேரி நாட்டு அறுவை மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர்.

மெஸ்டர் 1903-இல் பிறந்தார்; புடாபெஸ்ட் நகரில் பணியாற்றினார். முதல் லேசர் கருவி 1960-இல் உருவானது. சில ஆண்டுகளில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விலங்குகளின் புற்றுக்கட்டிகளை லேசரால் அழிக்கும் ஆய்வு நடைபெற்றது. அறுபது வயதைக் கடந்திருந்த மெஸ்டர் அதனைத் தாமும் செய்துபார்க்க முற்பட்டார். மயிர் மழித்த எலிகளின் முதுகில் ஒளியைச் செலுத்தினார். அவருடைய கருவியின் ஆற்றல் மிகக் குறைவு, கட்டிகள் அழியவில்லை. ஆயினும் ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைவாக வளர்ந்தது. ஆய்வு தோற்றதென்று ஒதுக்கிவிட எல்லாக் காரணமும் இருந்தும் அவர் ஒதுக்கவில்லை. 1967-இல் கண்ட இவ்விளைவைத் தொடர்ந்து, நெடுநாள் ஆறாத தோல் புண்களுடன் வந்த நோயாளிகளுக்கும் அதே மெல்லொளியைக் கொடுத்துப் பார்த்தார். 1974-இல் லேசர் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். 1984-இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

இன்று வாய்ப்புண்ணுக்கு அளிக்கப்படுவது அம்மரபில் வந்த செந்நிற ஒளியே. உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியா அதனை ஏற்றுக்கொள்வதால் புண் ஆறுவது விரைவுபடுகிறது. சுடாது, வலிக்காது, ஒருமுறைக்குச் சில நிமிடங்களே ஆகும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிப்பார்கள். புண் வந்தபின் தொடங்குவதைவிட, கதிர்வீச்சு தொடங்கும் நாளிலிருந்தே பெறுவது நல்லது. ஆகவே முதல் நாளிலேயே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். கட்டி இருக்கும் இடத்தில் ஒளி படலாமா என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். கடையில் விற்கும் சிவப்பு விளக்கை வாங்கி வீட்டில் முயலாதீர்கள். அளவு தவறிய ஒளியால் பயனில்லை.

அவ்வசதி இல்லாத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் உப்பும் ஆப்ப சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்து, நாளில் பலமுறை வாய் கொப்பளியுங்கள். வெற்றிலை, புகையிலை, காரம் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, நீரும் விழுங்க இயலாது போனாலோ, அடுத்த சிகிச்சை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.