பெட்ரோலுக்குக் களிமண்ணை நம்பிய யூஜின் ஹூட்ரி

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகத் தினமும் கோலாலம்பூருக்கு வேலைக்கு வருபவர்கள், பெட்ரோல் ஊற்றும்போது நினைக்காத பெயர் யூஜின் ஹூட்ரி. பால்மரம் வெட்டிய நம் குடும்பங்களுக்கும் அவரோடு ஒரு தொடர்பு உண்டு.

1892-இல் பிரான்சில், எஃகுத் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தார். படித்தது இயந்திரப் பொறியியல், வேதியியல் அல்ல. முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்து படுகாயம் அடைந்தார். பிறகு வந்த கார் பந்தய மோகம் அவரைப் பெட்ரோல் ஆராய்ச்சிப் பக்கம் திருப்பியது.

அக்காலத்தில் கனமான எண்ணெயைக் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உடைத்துத்தான் பெட்ரோல் எடுத்தார்கள். ஹூட்ரி அமிலத் தன்மையுள்ள களிமண்ணைப் பயன்படுத்தினார். அதன் மேற்பரப்பில் எண்ணெயின் நீண்ட கார்பன் சங்கிலிகள் விரைவாக உடைந்தன. பெட்ரோல் கூடுதலாகக் கிடைத்தது, தரமும் உயர்ந்தது. ஆனால் சில நிமிடங்களிலேயே கரி படிந்து களிமண் செயலிழந்துவிடும். அவர் காற்றைச் செலுத்தி அந்தக் கரியை எரித்தார். களிமண் மீண்டும் வேலை செய்தது. எரிந்த சூடும் வீணாகவில்லை. சுமார் 10 நிமிடம் வேலை, பிறகு சுத்தம். பால்வெட்டுக் கத்தியை அடிக்கடி தீட்டிக்கொள்வது போலத்தான்.

1930-இல் அமெரிக்கா சென்றார். 1937-இல் சன் ஆயில் நிறுவனத்தின் மார்க்கஸ் ஹூக் ஆலையில் அவரது முறை பெரிய அளவில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களின் உயர்ரகப் பெட்ரோலுக்கு அது கைகொடுத்தது.

1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் நம் ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்த ஆண்டுகளில், அமெரிக்கா செயற்கை ரப்பருக்குத் தாவியது. அதற்குத் தேவையான பியூட்டடையீனை, பியூட்டேன் வாயுவிலிருந்து ஒரே கட்டத்தில் எடுக்கும் முறையை உருவாக்கியவர் ஹூட்ரி. போர் முடிந்தும் செயற்கை ரப்பர் போகவில்லை. பால்மரக் காடுகள் செம்பனையாக மாறியதில் அதன் போட்டிக்கும் பங்குண்டு. இதை ஹூட்ரியின் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தோட்டக் கதை பேசும்போது இந்தப் பக்கத்தை நாம் புரட்டுவதே இல்லை.

கடைசிக் காலத்தில் நகரங்களின் புகைதான் அவர் கவலை. கார் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கருவிக்கு 1950-களில் காப்புரிமை பெற்றார். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதைக் கெடுத்துவிட்டது. 1962-இல் அவர் காலமானார். ஈயமில்லாத பெட்ரோல் வந்த 1970-களில்தான் அமெரிக்கக் கார்களில் அத்தகைய கருவி ஏறியது. இன்று பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் நிற்கும் கார்களின் அடியிலும் அது இருக்கிறது.