அதிபரின் கால்களாக இருந்த கார்

அமெரிக்காவின் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் அந்நாட்டு அதிபர்கள் பயன்படுத்திய அரசு வாகனங்கள் சில காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, 1939-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட, கூரையைத் திறந்து மூடத்தக்க லிங்கன் கார். 'சன்ஷைன் ஸ்பெஷல்' எனப் பெயர் பெற்ற அது, அதிபரின் பயன்பாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் கார். பிற தலைவர்களுக்கு இத்தகைய வாகனம் அதிகாரத்தின் அடையாளம். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கோ அது இழந்த கால்களுக்கு ஈடு.

நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் 1882-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் ரூஸ்வெல்ட். 1921-இல், தமது 39-ஆவது வயதில், இளம்பிள்ளைவாதத்துக்கு ஆளாகி நடக்கும் ஆற்றலை இழந்தார். அவரது பொதுவாழ்வு அத்துடன் முடிந்தது என்றே பலரும் கருதினர். அவரோ கால்களில் உலோகச் சட்டங்களைப் பூட்டிக்கொண்டு, பிறர் கையைப் பற்றியபடி நிற்கப் பழகினார். கைகளாலேயே இயக்குமாறு மாற்றியமைக்கப்பட்ட காரைத் தாமே ஓட்டினார். 1928-இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலிலும், 1932 முதல் தொடர்ந்து நான்கு அதிபர் தேர்தல்களிலும் வென்றார்.

நிற்பதே பெருமுயற்சியாக இருந்த அவருக்குத் திறந்த கார் மேடையாயிற்று. அதில் அமர்ந்தபடியே மக்களைச் சந்திக்கலாம். உடற்குறையும் கண்ணில் படாது. ஆனால், அதில் ஆபத்தும் இருந்தது. பதவியேற்பதற்கு முன், 1933 பிப்ரவரியில் மயாமியில் காரிலிருந்தவாறே உரையாற்றி முடித்த சிறிது நேரத்தில் அவரை நோக்கி ஒருவன் சுட்டான். ரூஸ்வெல்ட் உயிர்தப்பினார். குண்டடிபட்ட சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக்கைத் தமது காரிலேயே தாங்கிப் பிடித்தபடி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். செர்மாக் பின்னர் இறந்தார்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின்னர், லிங்கன் காருக்குக் கவசத் தகடுகளும் குண்டு துளைக்காத கண்ணாடிகளும் பொருத்தப்பட்டன. ஆயினும் 1944 அக்டோபரில், தமது உடல்நிலை பற்றிய ஐயங்களைப் போக்க, நியூயார்க் நகர வீதிகளில் கொட்டும் மழையில் பல மணி நேரம் திறந்த காரில் வலம் வந்தார். மக்கள் மகிழ்ந்தனர், மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவரது இதயம் நலிவுற்றிருப்பதை மருத்துவர்கள் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்திருந்ததை அவர்கள் அறியார். ஆறு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. 1945 ஏப்ரல் 12-இல் அவர் மறைந்தார்.

உடற்குறை ஆட்சித் திறனைக் குறைக்காது என்பதற்கு அவரது வாழ்வே சான்று. அதனை மறைக்கும் கட்டாயத்தை அவருக்கு உண்டாக்கியது சமூகத்தின் பார்வை. ஆனால், உயிரையே பறிக்கவிருந்த நோயை வாக்காளரிடம் மறைத்தது வேறு. முன்னதற்கு வெட்கப்பட வேண்டியது சமூகம். பின்னதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் தலைவர்.