வடநெல்லைக் கூடாரங்களில் ஜெபம்: தாமஸ் கஜேத்தன் ராக்லாந்து (1815–1858)

தமிழகக் கிறித்தவத் தியான மரபை ஆராய்வோர் 1950இல் காவிரிக்கரையில் தோன்றிய சாந்திவனத்தையே பெரிதும் நாடுவர். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சிவகாசி வட்டாரங்களை உள்ளடக்கிய வடநெல்லையில் கூடாரவாசியாய்த் திரிந்த ராக்லாந்து, ஊர்சுற்றிப் போதித்தவராக மட்டுமே நினைக்கப்படுகிறார். அவ்வாழ்வைத் தாங்கிய தூண் ஜெபமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஜிப்ரால்டரில் பிறந்த அவர் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். லிவர்பூலில் வணிக அலுவல் பார்த்தபின் கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பயின்று, 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்றார். சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் சென்னைக்கு வந்து அதன் செயலராகப் பணியாற்றினார்.

மேசைப்பணியை விடுத்து, 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகிய இருவருடன் வடநெல்லையில் கூடாரம் அடித்தார். தென்னெல்லையில் ரேனியுஸ் காலந்தொட்டே கிறித்தவ ஊர்கள் பெருகியிருந்தன. வடக்கிலோ செவிசாய்த்தோர் சிலரே. தென்னெல்லைச் சபையார் தம் செலவில் முறைவைத்து உபதேசியாரை அனுப்பி உதவினர். கரிசல் வெயிலும் ஓயாத இடமாற்றமும் ராக்லாந்தின் நலிந்த நுரையீரலுக்கு ஏற்றவையல்ல. வாழ்நாள் குறுகியது என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

இங்கேதான் அவரது ஜெபத்தின் இயல்பு தெளிவாகிறது. தனித்திருந்து நெடுநேரம் வேதத்தை வாசித்துத் தியானிப்பது அவர் வழக்கம்; ஆயின் அது பயனை விரைந்து வேண்டிநின்ற மன்றாட்டன்று. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றிய யோவான் நற்செய்தியின் உவமையையே ஊழிய வெற்றிக்குரிய உறுதியான வழியாக அவர் கொண்டார். விளைச்சலைக் காணாமலே மடிய இசைந்தவனுக்குத் தோல்வி இருளாவதில்லை. அவர் கண்ட ஒளி இத்தகையது. எளிய ஆறுதலாக இதனைச் சுருக்கலாகாது.

காத்திருத்தலையே பக்தியாக்கிய கோதையின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது தமிழறிஞர் நெஞ்சில் எழும். எனினும் இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது. கோதை காத்திருந்தது தலைவன் வரவுக்கு. ராக்லாந்து காத்திருந்தது தாம் இல்லாத காலத்து விளைவுக்கு.

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தம் கக்கி, சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். அகவை 43. தோழர் இருவரும் பணியைத் தொடர்ந்தனர். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அவர் வரலாற்றை 1922இல் நூலாக்கினார். 1931இல் விழுந்து அடிபட்ட அவ்வம்மையார், 1951இல் மறையும்வரை பெரும்பாலும் படுக்கையிலிருந்தவாறே எழுதிவந்தார்.