முஹம்மது ஆதில்ஷாவின் குவிமாடம்
1627இல் பீஜப்பூர் அரியணை ஏறியபோது முஹம்மது ஆதில்ஷாவுக்குப் பதின்ம வயது. பின்னாளில் நம் செஞ்சிக்கோட்டையும் அவர் வசமானது. ஆனாலும் இன்று நாம் அவரை அறிவது, தமக்கென அவர் கட்டிய கோல்கும்பஸால்தான். கப்ரின் மேல் கட்டடம் எழுப்புவதை நாம் சரிகாணவில்லை. அந்த வேலைத்திறனை மறுக்கவும் முடியவில்லை.

குவிமாடத்தின் வெளி விட்டம் சுமார் 44 மீட்டர். தாங்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு கட்டும்போது தூக்குக்குண்டு விட்டுத் தூணைப் பார்க்கிறோமே, அதே கவலைதான் அங்கும். பாரம் சுவரின் நடுவில் இறங்காமல் வெளிப்பக்கம் தள்ளினால் உட்புறக் கட்டு வாய்பிளக்கும். கட்டடக் கலைஞர் யாகூத், ஒன்றையொன்று வெட்டும் எட்டு வளைவுகளை உள்நோக்கித் தொங்கவிட்டு, அவற்றின் கனத்தையே அந்தத் தள்ளலுக்கு எதிராக நிறுத்தினார்.

1656இல் சுல்தான் வஃபாத்தானார். வேலை அத்துடன் நின்றது. மேடையில் தெரிவது அடையாளக் கப்ர். அவர் அடங்கியிருப்பது அதன் கீழ், நிலவறையில்.